ஐந்து மாதமாக ஆறாத உள்ளங்கால் புண்: எதை வைத்துக் கட்டுவது?

கேள்வியைச் சுருக்கித் தருகிறேன். அப்பாவுக்கு 61 வயது, 14 வருஷமாகச் சர்க்கரை. வலது உள்ளங்காலில், பெருவிரலுக்குக் கீழே இருக்கும் மேட்டில், ஐந்து மாதமாக ஒரு புண். வலி கிடையாது. தினமும் ஸ்பிரிட் வைத்துத் துடைத்து, பவுடர் தூவி, பஞ்சு வைத்துக் கட்டுகிறார்கள். மூன்று களிம்பு மாற்றியாகிவிட்டது. சீழ் பிடிக்கக் கூடாது என்று மீன், முட்டை, புளி எல்லாவற்றையும் நிறுத்திவிட்டார்கள். எந்த மருந்து வைத்தால் ஆறும்? தைப்பூசத்துக்குப் பழநிக்கு நடப்பதாக அப்பா வேண்டிக்கொண்டிருக்கிறார், அதற்குள் ஆறிவிடுமா?

இதில் நான் பிடித்துக்கொண்டது ‘வலி கிடையாது’ என்ற இரண்டு சொல்லைத்தான். ஐந்து மாதப் புண்ணோடு ஒருவர் கடைக்கும் கோயிலுக்கும் போய் வருகிறார், வலிக்கவில்லை என்றால், அந்தக் கால் மரத்துப்போயிருக்கிறது. புண் ஆறாததற்குக் காரணம் அநேகமாக அங்கேதான் இருக்கிறது. மருந்துக்கு அப்புறம் வருகிறேன்.

ஒரு மருத்துவமனையின் கட்டுப் போடும் அறையில் இருபது வருஷத்துக்கு மேல் நர்ஸாக நின்றவள் நான். எந்தக் களிம்பும் புண்ணை ஆற்றி நான் பார்த்ததில்லை. ஆற்றுவது உடம்பு. அதன் வழியில் குறுக்கே கிடப்பதைத் தேடி எடுத்துப் போடுவதுதான் எங்கள் வேலை. அப்பாவின் காலில் குறுக்கே கிடப்பது என்ன என்று கண்டுபிடிக்க, உடம்பு எப்படி ஆற்றுகிறது என்று கொஞ்சம் தெரிய வேண்டும்.

வெங்காயம் நறுக்கும்போது விரலில் கத்தி பட்டுவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அறுபட்ட இரத்தக் குழாய் உடனே சுருங்கும். தட்டணுக்கள் அந்த இடத்தில் ஒட்டி அடைப்புப் போடும். அதன் மேல் ஃபைப்ரின் என்ற நார் வலையாகப் பின்னி இரத்தம் உறையும். அந்த வலை இரத்தத்தை நிறுத்துவதோடு, அடுத்து வரும் செல்கள் பிடித்து ஏறுவதற்குச் சாரமாகவும் நிற்கும். தட்டணுக்கள் சும்மா அடைத்துவிட்டு உட்கார்ந்திருப்பதில்லை, ‘இங்கே வேலை இருக்கிறது’ என்று ஆள் கூப்பிடும் புரதங்களையும் கொட்டும்.

முதலில் வருவது நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணு. முதல் இரண்டு நாள் அதன் ஆட்சி. கிருமியைத் தின்னும், சிதைந்த சதையைக் கரைக்கும். விரல் சிவந்து, வீங்கி, சூடாக இருப்பது இதனால்தான். இரண்டு மூன்று நாளில் மேக்ரோஃபேஜ் வரும். என்னைக் கேட்டால் புண் ஆறுவதில் மேஸ்திரி இதுதான். செத்த நியூட்ரோஃபில்களை அள்ளிப் போட்டுவிட்டு, ‘இடித்தது போதும், கட்டுங்கள்’ என்று உத்தரவு கொடுக்கும். அதன் பிறகு ஃபைப்ரோபிளாஸ்ட்கள் வந்து கொலாஜன் நாரை நெய்யும், புது இரத்தக் குழாய்கள் முளைவிடும். திறந்த புண்ணின் அடியில் மாதுளை முத்துப் போலச் சிவப்பாக, மணிமணியாகச் சதை எழும்புவதைப் பார்த்திருப்பீர்கள். அதைப் பார்த்தால் நாங்கள் நிம்மதியாக மூச்சு விடுவோம். கடைசியாக ஓரத்துத் தோல், ஒரு வரிசை செல்லாக, ஈரமான பரப்பின் மேல் ஊர்ந்து வந்து மூடும். புண்ணின் ஓரத்தில் வெளிர் இளஞ்சிவப்பாக ஒரு மெல்லிய கரை தெரிந்தால், தோல் நகர்கிறது என்று அர்த்தம்.

மூடிவிட்டதால் வேலை முடிந்ததாக எண்ண வேண்டாம். ஒரு வாரத்தில் புது இடத்துக்குப் பழைய தோலின் பலத்தில் 3 சதவீதம்தான் இருக்கும். மூன்று வாரத்தில் 20 முதல் 30 சதவீதம். மூன்று மாதத்தில் 80 சதவீதம் வரை போகும், அதற்கு மேல் என்றைக்கும் வராது. பழநி நடைக்கு இந்தக் கணக்கு வேண்டும், ஞாபகத்தில் வையுங்கள்.

கொலாஜன் என்றதும் ஒரு சின்னப் பெருமை. அந்த நார் மூன்று இழை முறுக்கிய கயிறு என்று 1954-இல் கண்டு சொன்னவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இருந்த ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும். இன்றைக்குக் கடையில் ஒரு டப்பா கொலாஜன் பவுடருக்கு நாம் எண்ணி வைக்கும் பணத்துக்குப் பின்னால் அந்தக் கிண்டி வளாகமும் இருக்கிறது.

இந்த வரிசை எங்கேயாவது நின்றுபோனால் புண் நாள்பட்ட புண் ஆகிவிடும். அப்பாவுடையது நியூட்ரோஃபில் கட்டத்திலேயே மாட்டிக்கொண்டிருக்கிறது என்றுதான் நினைக்கிறேன். அதன் நொதிகள் நெய்த கொலாஜனையும் சேர்த்துக் கரைத்துக்கொண்டிருக்கும். மேஸ்திரி வந்தாலும், ஒவ்வொரு நாளும் யாரோ சுவரை இடித்துக்கொண்டே இருந்தால் என்ன செய்வார்? அந்த இடிப்பவர் யார் என்பதுதான் கேள்வி.

உள்ளங்கால் புண்ணில் அது பெரும்பாலும் நடை. உடம்பின் மொத்தக் கனமும் ஒவ்வொரு அடிக்கும் அந்தப் பெருவிரல் மேட்டின் மேல் ஏறி இறங்குகிறது. உங்களுக்கும் எனக்கும் அங்கே புண் இருந்தால் நொண்டுவோம், குதிகாலை ஊன்றி நடப்போம், யாரும் சொல்லித்தர வேண்டாம். மரத்த கால் நொண்டாது. காலையில் நீங்கள் கட்டிவிட்டது முழுவதும் மத்தியானத்துக்குள் நசுங்கிப் போகிறது. ஐந்து மாதமாக இதுதான் நடக்கிறது.

இதை உலகத்துக்கு உறைக்கிற மாதிரி எடுத்துச் சொன்னவர் நம் ஊர்க்காரர் என்றே சொல்லலாம். பால் பிராண்ட், 1914-இல் கொல்லிமலையில் பிறந்த ஆங்கிலேயர். 1946-இல் வேலூர் சி.எம்.சி.க்கு அறுவை மருத்துவராக வந்தார். அப்போது தொழுநோயாளிகளின் கால் புண் ஆறாது, அவர்களுடைய சதையே கெட்ட சதை என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தார்கள். பிராண்ட் கவனித்துப் பார்த்தார். அவர்களின் சதை மற்றவர்களுடையதைப் போலவே ஆறுகிறது. வலி தெரியாததால் புண்ணின் மேலேயே நடந்து நடந்து அவர்கள் அதைக் கெடுத்துக்கொள்கிறார்கள். காலை மாவுக்கட்டுக்குள் வைத்துவிட்டால், வருஷக்கணக்கில் ஆறாத புண் வாரக்கணக்கில் மூடியது.

மாவுக்கட்டு யோசனை அவருக்கும் முந்தியது. 1930-களிலேயே கொழும்பில் இலங்கைத் தமிழ் அறுவை மருத்துவர் மில்ராய் பால் தொழுநோய்ப் புண்ணுக்கு இதைச் செய்திருக்கிறார். பிராண்ட் 1966-இல் அமெரிக்காவின் லூசியானாவில் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனபோது இந்த வித்தையும் கூடப் போனது. அங்கே சர்க்கரை நோயாளிகளின் காலுக்கும் அது பொருந்தியது. காரணம் அதேதான்: மரத்த கால்.

இப்போது இதற்கு டோட்டல் கான்டாக்ட் காஸ்ட் என்று பெயர். எலும்பு முறிவுக்குப் போடுவது போலத் தடியாகப் பஞ்சு வைக்காமல், பாதத்தின் மேடு பள்ளத்தோடு ஒட்டினாற்போல வார்த்து, கனத்தைப் பாதம் முழுவதும், கெண்டைக்கால் வரைக்கும் பரப்பிவிடுவார்கள். 2001-இல் வெளியான ஒரு ஒப்பீட்டில் 12 வாரத்தில் இந்தக் கட்டுப் போட்டவர்களில் 89.5 சதவீதம் பேருக்குப் புண் ஆறியது. கழற்றி மாட்டும் பூட்ஸ் கொடுத்தவர்களில் 65 சதவீதம், பாதத்தின் பின்பாதியை மட்டும் தாங்கும் பாதிச் செருப்பு போட்டவர்களில் 58 சதவீதம். பூட்ஸும் கிட்டத்தட்ட அதே அளவு அழுத்தத்தைக் குறைக்கக் கூடியதுதான், பிறகு ஏன் இவ்வளவு வித்தியாசம்? இரண்டு வருஷம் கழித்து, நடையை எண்ணும் கருவியை நோயாளிக்குத் தெரியாமல் பூட்ஸுக்குள் ஒளித்து வைத்துப் பார்த்தார்கள். அவர்கள் நடந்த நடையில் 28 சதவீதம் மட்டும்தான் பூட்ஸோடு. வீட்டுக்குள் வந்ததும் கழற்றிப் போட்டுவிட்டு வெறுங்காலில் நடந்திருக்கிறார்கள். அமெரிக்காவிலேயே இந்தக் கதை. வாசலிலேயே செருப்பை விடும் நம் வீடுகளில் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

அதனால்தான் கழற்ற முடியாத கட்டு என்று கேட்கச் சொல்கிறேன். வார்க்கத் தெரிந்தவர் பக்கத்தில் இல்லை என்றால், பூட்ஸை மாட்டி அதன் மேலேயே நான்கு சுற்று பிளாஸ்டர் சுற்றிவிடும் எளிய வழியும் இருக்கிறது, அதுவும் வேலை செய்கிறது. ஆனால் காலில் இரத்த ஓட்டம் மோசமாகவோ, சீழ் பிடித்தோ இருந்தால் மூடிக் கட்டக் கூடாது. எனவே இதை டாக்டர் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். வாரம் ஒரு தடவை பிரித்துப் பார்த்தாக வேண்டும்.

அழுத்தம் என்றால் செருப்பும் நடையும் மட்டும் இல்லை. பூக்கட்டும் அம்மா ஒருவர் எங்களிடம் வந்துகொண்டிருந்தார். இடது காலில் வெளிக்கணு எலும்பின் மேல் எட்டணா அளவுக்குப் புண், ஆறு மாதமாக. சர்க்கரை கட்டுக்குள்தான் இருந்தது, இரத்த ஓட்டமும் பரவாயில்லை. அந்த இடத்தில் செருப்பு உரசவே உரசாது. விதவிதமாகக் களிம்பு மாற்றினோம். ஒரு நாள் கூட்டம் அதிகம், பெஞ்சில் இடமில்லை. அவர் வராந்தாவில் தரையிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்து, மடியில் இருந்த உதிரிப் பூவை எடுத்துத் தொடுக்க ஆரம்பித்துவிட்டார். மருந்துத் தட்டோடு கடந்து போனவள் அப்படியே நின்றேன். கணு எலும்பு சிமெண்டுத் தரையில் பதிந்திருந்தது. உடம்பின் பாதிக் கனம் அந்த எட்டணா வட்டத்தின் மேல். தினம் எத்தனை மணி நேரம் இப்படி உட்காருவீர்கள் என்று கேட்டேன். ‘விடிகாலை நாலரைக்கு உட்கார்ந்தா பத்து மணி ஆயிடும்மா, சாயங்காலம் மறுபடி’ என்றார். முக்காலியில் உட்கார்ந்து, காலைத் தொங்கவிட்டுக் கட்டச் சொன்னோம். முக்காலியில் பூக்கட்ட வராது, பூ சிதறும் என்று முதலில் சண்டை போட்டார். பிறகு மருமகன் ஒரு சாய்வுப் பலகை அடித்துக் கொடுத்தாராம். கட்டு அதே சாதாரணக் கட்டுதான், ஐந்து வாரத்தில் மூடிவிட்டது.

சரி, உங்கள் வீட்டில் நடக்கும் மற்ற விஷயங்களுக்கு வருவோம்.

ஸ்பிரிட்டை இன்றைக்கே நிறுத்துங்கள். ஸ்பிரிட்டும் ஹைட்ரஜன் பெராக்சைடும் கிருமியைக் கொல்லும்போது, நெய்ய வந்த ஃபைப்ரோபிளாஸ்ட்டையும் சேர்த்துக் கொல்லும். நுரை பொங்குவதைப் பார்த்து ‘நல்லா சுத்தமாகுது’ என்று தோன்றும், அது வெறும் நுரை. கழுவுவதற்கு மருந்துக் கடையில் நார்மல் சலைன் பாட்டில் சல்லிசாகக் கிடைக்கும். இல்லாவிட்டால் கொதிக்க வைத்து ஆறிய தண்ணீர் போதும்.

பவுடரும் பஞ்சும் வேண்டாம். நம் ஊரில் ‘காயத்தைக் காய விடு’ என்பது தாத்தா காலத்துப் பேச்சு, நானும் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அப்படித்தான் சொன்னேன். 1962-இல் ஜார்ஜ் விண்டர் என்பவர் பன்றிகளின் முதுகில் மேலோட்டமான காயங்கள் செய்து, பாதியைத் திறந்துவிட்டார், பாதியைப் பாலிதீன் தாளால் மூடினார். மூடிய காயங்களில் தோல் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகமாக மூடியது. காரணம் எளிது. ஊர்ந்து வரும் தோல் செல்லுக்கு ஈரம் வேண்டும். பக்கு கட்டிக் காய்ந்துபோன இடத்தில் அது பக்குக்கு அடியில் குடைந்துகொண்டு, ஈரம் இருக்கும் ஆழத்தில்தான் போக வேண்டியிருக்கும். பவுடர் காய வைக்கிறது. பஞ்சின் நார் புண்ணுக்குள் சிக்கிக்கொள்கிறது. காய்ந்த பஞ்சை மறுநாள் இழுக்கும்போது ‘சுர்’ரென்று இரத்தம் கசிகிறதே, அது நேற்று முளைத்த இரத்தக் குழாய். மரத்த கால் என்பதால் அப்பா ‘ஸ்ஸ்’ என்றுகூடச் சொல்லியிருக்க மாட்டார்.

ஒட்டாத வலைத்துணி, அதன் மேல் நீர் உறிஞ்சும் பட்டை. நீர் அதிகம் வடியும் புண்ணுக்கு அதை இழுத்துக்கொள்ளும் ஃபோம் அல்லது ஆல்ஜினேட் கட்டு, காய்ந்த புண்ணுக்கு ஈரம் கொடுக்கும் ஹைட்ரோஜெல். ஈரம் என்றால் ஊறிப்போவது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். சுற்றியிருக்கும் தோல் நாள் முழுக்கத் துணி துவைத்த விரல் மாதிரி வெளுத்துச் சுருங்கினால் ஈரம் அதிகம், கட்டை அடிக்கடி மாற்ற வேண்டும். அப்படி இல்லை என்றால் இரண்டு நாளைக்கு ஒரு தடவை மாற்றினால்கூடச் சில புண்ணுக்குப் போதும். ஆனால் மரத்த காலில் தினம் ஒரு தடவை கட்டுக்கு வெளியே, விரல் இடுக்கு வரை பார்த்துவிட வேண்டும்.

பத்தியத்தைப் பற்றிச் சொல்லும்போது எனக்குக் கோபமே வரும், மன்னியுங்கள். கொலாஜன் என்பது புரதம். புரதத்தை நிறுத்திவிட்டுப் புண் ஏன் ஆறவில்லை என்று கேட்பது, செங்கல் லாரியைத் தெருமுனையில் திருப்பி அனுப்பிவிட்டுச் சுவர் ஏன் எழும்பவில்லை என்று கேட்பது போல. புண் உள்ளவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1.25 முதல் 1.5 கிராம் வரை புரதம் தேவை. அப்பா 60 கிலோ என்றால் நாளைக்கு 75 முதல் 90 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம். கஞ்சியும் இட்லியும் ரசம் சாதமும் மட்டும் சாப்பிட்டால் அதில் பாதியைத் தொடுவதே கஷ்டம். மீன், முட்டை, கோழி, பருப்பு, சுண்டல், தயிர் எல்லாம் திரும்பி வரட்டும். சீழ் பிடிப்பது கிருமியால், மீனால் இல்லை. ஆனால் ஒன்று, 14 வருஷச் சர்க்கரை என்பதால் சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று கிரியாட்டினின் என்ற இரத்தப் பரிசோதனை ஒன்று பார்த்துவிட்டு அளவை டாக்டரிடம் முடிவு செய்யுங்கள்.

புளிப்பையும் நிறுத்தியிருக்கிறீர்கள். எலுமிச்சை, நெல்லிக்காய், தக்காளி எல்லாம் அந்தக் கணக்கில் போயிருந்தால் வைட்டமின் சியும் போச்சு. கொலாஜன் கயிற்றை முறுக்கி இறுக்க அது வேண்டும். ஜான் கிராண்டன் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர் 1939-இல் தன் உடம்பிலேயே சோதித்துப் பார்த்தார். வைட்டமின் சி துளியும் இல்லாத சாப்பாடு. மூன்றாவது மாதம் முதுகில் ஒரு கீறல் போட்டுக்கொண்டார், ஒழுங்காக ஆறியது. ஆறாவது மாதம் இன்னொன்று. பத்து நாள் கழித்துப் பார்த்தால் மேல் தோல் மட்டும் மூடியிருந்தது, உள்ளே ஒன்றும் ஒட்டவில்லை. வைட்டமின் ஊசி போட்ட பிறகு அடுத்த பத்து நாளில் உள்ளேயும் ஆறியது. தினம் ஒரு நெல்லிக்காய் கொடுங்கள், மாத்திரைகூட வேண்டாம். துத்தநாக மாத்திரையும் அப்படித்தான், உடம்பில் குறைவு இருந்தால் மட்டும் பலன்.

பீடி, சிகரெட் பழக்கம் இருக்கிறதா என்று நீங்கள் சொல்லவில்லை. இருந்தால் நெல்லிக்காய் கொடுத்துப் பயனில்லை. நிகோடின் காலின் சின்னக் குழாய்களை இறுக்கிவிடும்.

அடுத்து, டாக்டரிடம் நீங்கள் கேட்டு வாங்க வேண்டிய நாலைந்து பரிசோதனைகள். வெறும் கட்டு மாற்றிவிட்டு அனுப்பினால் திரும்ப வராதீர்கள், உட்கார்ந்து கேளுங்கள்.

தூண்டில் நரம்பு போன்ற ஒரு நைலான் இழையால் பாதத்தைத் தொட்டுப் பார்ப்பார்கள், 10 கிராம் அழுத்தத்தில் வளையும். கண்ணை மூடிக்கொண்டு அது படுவது தெரியவில்லை என்றால் பாதுகாப்பு உணர்ச்சி போய்விட்டது. பிறகு, பாதத்தின் மேலும் கணுவின் உட்பக்கமும் நாடி துடிக்கிறதா என்று. கணுக்கால் இரத்த அழுத்தத்தைக் கையுடையதால் வகுத்துப் பார்ப்பார்கள், 0.9-க்குக் கீழே இருந்தால் காலுக்கு இரத்தம் போதவில்லை. சர்க்கரைக்காரர்களின் குழாய் சுண்ணாம்பு படிந்து விறைத்துப்போய் இந்தக் கணக்கைப் பொய்யாக உயர்த்திக் காட்டும். அதனால் நாடி சரியாகக் கிடைக்கவில்லை என்றால் எண் நன்றாக இருந்தாலும் நம்பாமல் டாப்ளர் ஸ்கேனும் கால் விரல் அழுத்தமும் கேளுங்கள். இரத்தம் போகாத காலில் மாவுக்கட்டு, களிம்பு எதுவும் எடுபடாது, முதலில் குழாய் அடைப்பை எடுக்க வேண்டும்.

புண்ணுக்குள் மழுங்கிய கம்பியை விட்டுப் பார்த்து, கல்லில் முட்டியது போல ‘டக்’கென்று எலும்பு தட்டுப்படுகிறதா என்றும் பார்க்க வேண்டும். தட்டுப்பட்டால் எலும்பிலும் கிருமி இறங்கியிருக்கலாம். எக்ஸ்ரே முதல் இரண்டு மூன்று வாரத்தில் அதைக் காட்டாது. அப்பாவுக்கு ஐந்து மாதம் ஆகிவிட்டதால் எடுத்துவிடலாம். சிவப்பு, வீக்கம், சூடு, சீழ் ஒன்றும் இல்லாத புண்ணுக்கு ஆன்டிபயாடிக் வேகமாக ஆற்றாது. ‘எதற்கும் ஒரு கோர்ஸ் போடுங்கள்’ என்று நீங்களாகக் கேட்டு வாங்காதீர்கள்.

புண்ணைச் சுற்றி வளையமாகத் தடித்த காய்ப்பு இருக்கிறதா? இருக்கும். செருப்புக்குள் ஒரு கூழாங்கல்லை வைத்து நடப்பது மாதிரி அது. அதைச் செதுக்கி எடுத்தாலே அந்த இடத்து அழுத்தம் கால்வாசி குறைகிறது என்று அளந்து பார்த்திருக்கிறார்கள். செத்த சதையையும் கத்தியால் சுரண்டி எடுப்பார்கள். பார்க்க முரட்டுத்தனமாக இருக்கும், இரத்தம் வரும், புண் முன்பைவிடப் பெரிதாகத் தெரியும். பயப்படாதீர்கள். அந்தக் கசிவில் தட்டணு புதிதாக வந்து, நின்றுபோன வேலையை முதலிலிருந்து தொடங்கி வைக்கும். இதை வீட்டில் பிளேடால் யாரும் செய்யக் கூடாது. கடையில் விற்கும் கால் ஆணி பிளாஸ்திரியும் மரத்த காலுக்கு ஆகாது, அதில் இருக்கும் அமிலம் நல்ல தோலையும் அரிக்கும்.

இவ்வளவும் சரிசெய்த பிறகுதான் விலை உயர்ந்த சரக்குகளுக்கு வேலை. தட்டணுவின் வளர்ச்சிப் புரதத்தையே ஜெல்லாகச் செய்து 1997-இல் அமெரிக்காவில் அனுமதித்தார்கள், இங்கும் கிடைக்கிறது, விலைதான் கண்ணைக் கட்டும். அதே வருஷம்தான் புண்ணுக்கு மேல் ஸ்பாஞ்ச் வைத்து மூடி, 125 மில்லிமீட்டர் பாதரச அளவில் காற்றை உறிஞ்சும் வேக் முறையைப் பற்றி ஆர்கென்டாவும் மோரிக்வாஸும் எழுதினார்கள். அறுவை செய்து திறந்துவிட்ட ஆழமான புண்ணுக்கு அது அருமையான உதவி. உங்கள் அப்பாவின் புண் ஆழம் குறைவு என்றால் தேவைப்படாது. நம் ஊரில் வலிப்பு மாத்திரை ஃபெனிட்டாயினைப் பொடித்துத் தூவும் வழக்கம் உண்டு. அதைச் சாப்பிடுபவர்களுக்கு ஈறு தடித்து வளர்வதை 1939-இல் கவனித்ததிலிருந்து பிறந்த யோசனை அது. சாமர்த்தியமான யோசனைதான், சான்று பலமாக இல்லை. ஆக்சிஜன் அறைக்குள் படுக்க வைக்கும் சிகிச்சையின் ஆய்வு முடிவுகள் ஒன்றுக்கொன்று முரணாக இருக்கின்றன. வீட்டை அடமானம் வைத்து அதற்குப் போக வேண்டாம்.

சமையல் மஞ்சளைப் பற்றிப் பக்கத்து வீட்டில் சொல்லியிருப்பார்கள். மஞ்சளில் நல்ல சரக்கு இருக்கலாம், அஞ்சறைப் பெட்டியில் கிடக்கும் தூளில் கிருமியும் இருக்கும். ஆழமான புண்ணில் கொட்டாதீர்கள். காப்பித்தூளும் அதே ரகம். பச்சை எண்ணெய் என்று சொல்லும் மத்தன் தைலத்தைப் பற்றியும் என்னிடம் வாரம் ஒருவர் கேட்பார். ஊமத்தை இலைச்சாறும் மயில்துத்தமும் சேர்ந்த சித்த மருந்து அது, சித்த மருத்துவர் பார்த்துக் கொடுத்தால் அவருடைய பொறுப்பு. எதைப் பூசினாலும் அதே காலை ஊன்றி நடந்தால் பலன் ஒன்றுதான்.

ஆறுகிறதா இல்லையா என்று கண்மதிப்பில் சொல்லாதீர்கள். தெளிவான பிளாஸ்டிக் தாளை ஸ்பிரிட்டால் துடைத்து உலர விடுங்கள் (ஸ்பிரிட்டுக்கு இந்த வேலை பரவாயில்லை). புண்ணின் மேல் பிடித்து, மார்க்கர் பேனாவால் ஓரத்தை வரைந்து, தேதி போடுங்கள். வாரம் ஒரு தாள். காஸ்ட் போட்டிருந்தால் அதைப் பிரிக்கும் நாளில் நர்ஸிடம் கேட்டு வரையுங்கள். நான்கு வாரத்தில் பரப்பு பாதியாகக் குறைந்திருந்தால் பன்னிரண்டு வாரத்தில் மூடிவிட நல்ல வாய்ப்பு இருக்கிறது. குறையவில்லை என்றால் அதே சிகிச்சையை இன்னொரு மாதம் இழுக்காமல் எல்லாவற்றையும் திரும்பப் பார்க்கச் சொல்ல வேண்டும்.

காய்ச்சல் வந்தால், தொடை இடுக்கில் நெறி கட்டினால், சிவப்பு பாதத்தில் பரவினால், நாற்றம் அடித்தால், விரல் கறுத்தால், இல்லை சர்க்கரை காரணமே தெரியாமல் ஏறினால், மறுநாள் வரை காத்திருக்காமல் அன்று ராத்திரியே கூட்டிப் போங்கள். மரத்த காலில் வலி வந்து எச்சரிக்காது. திடீரென்று வலிக்கிறது என்று அப்பாவே சொன்னால் அது இன்னும் மோசமான அறிகுறி.

இனி பழநி. தை மாதத்துக்குள் புண் மூடினாலும் மூடலாம். மூடிய தோலின் பலக் கணக்கை மேலே சொன்னேன். மூன்று வாரத் தோலை வைத்துக்கொண்டு வெறுங்காலில் தார் ரோட்டில் நடந்தால் முதல் நாளிலேயே பிய்ந்துவிடும், அவருக்குத் தெரியவும் தெரியாது. மத்தியான வெயிலில் கோயில் பிராகாரத்துக் கல்லில் நடந்து, பாதம் முழுக்கக் கொப்புளத்தோடு ‘எப்போ சுட்டதுன்னே தெரியலைம்மா’ என்று வந்தவர்களை ஒவ்வொரு கோடையிலும் பார்த்திருக்கிறேன். புண் மூடிய பிறகு வீட்டுக்குள்ளும் எம்.சி.ஆர். செருப்பு போட வேண்டும். மைக்ரோ செல்லுலார் ரப்பரில் செய்தது, வேலூர்ப் பக்கம் தொழுநோயாளிகளின் காலுக்காகப் புழக்கத்துக்கு வந்த அதே ரகம். போடுமுன் உள்ளே கையை விட்டுத் தடவிப் பார்க்கட்டும்.

வேண்டுதலைத் தள்ளி வைத்தால் முருகன் கோபித்துக்கொள்ள மாட்டார் என்று நான் சொன்னால் அப்பா கேட்க மாட்டார், வீட்டில் பெரியவர் யாராவது சொல்லட்டும். இந்த வருஷம் பஸ்ஸில் போகட்டும். மலையேற வின்ச் இருக்கிறது, ரோப் காரும் இருக்கிறது. மேலே போனதும் தரை சுடுவதற்கு முன்னால், காலையிலேயே கும்பிட்டுவிட்டு இறங்கிவிடச் சொல்லுங்கள். செருப்பைக் கழற்ற வேண்டிய தூரத்துக்குத் தடித்த பருத்தி சாக்ஸ் ஒன்று வாங்கி வையுங்கள், வெள்ளை நிறத்தில். கசிவு ஏதாவது இருந்தால் அதில்தான் கறை தெரியும்.